விளங்கும்படி ஒரு தீர்ப்பு

பல்லேகலை,
12 மார்ச் 2024

பிரேமிளாவுக்கு,

சுகம் விசாரிக்க எழுதவில்லை. நீ சிறைக்கு என்னைப் பார்க்க வந்த அன்று வெளியே வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அது உனக்குக் கோபமாக இருக்கும். காரணத்தை எழுதிவிடுகிறேன்.

தீர்ப்பு நாளில் நீயும் கோர்ட்டில் இருந்தாய். நீதவான் சிங்களத்தில் பக்கம் பக்கமாக வாசித்தார். நான் கூண்டில் நின்றுகொண்டிருந்தேன். மொழிபெயர்க்கிறவர் கடைசியில்தான் என் பக்கம் திரும்பி, "குற்றவாளி. ரெண்டு வருஷம் கடூழியம்" என்றார். எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். கெலிஓயா பஜாரில், ரோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டில், ஒரு அம்மா நான் ஓட்டிய வேனில் அடிபட்டு இறந்துபோனார். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல மழை. அவர் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். அதற்கு ஏன் எனக்கு இரண்டு வருடம்? ஒருவரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் லோயர் ஐயாவைக் கேட்டேன். காதுக்குள் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒங்க சம்சாரம் சாட்சி சொன்னதுலதான் கெட்டுப்போச்சு."

நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "நான் பேசினப்போ ஒரு தடவை என் பக்கம் திரும்புனாரு" என்றாய். நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லத்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்? அன்றைக்கு வேனில் நாம் போட்ட சண்டையை மனதில் வைத்து அப்படிச் சொன்னாயா?

தீர்ப்பின் கொப்பியை எடுத்து அனுப்பு. ஒரு பக்கம் விடாமல் அனுப்பு.

பெரியதம்பி

*

மஹய்யாவ,
23 மார்ச் 2024

உங்களுக்கு,

கொப்பியை இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏதாவது ஒரு பக்கம் குறைந்தால் அது என் கையால் குறைந்தது அல்ல.

நான் கோர்ட்டில் சொன்னதில் பாதியைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். முழுவதையும் எழுதுகிறேன். "நான் பேசினப்போ ஒரு தடவை என் பக்கம் திரும்புனாரு. ஒடனே ரோட்டப் பாத்துட்டாரு. பிரேக்க மிதிச்சாரு, வேன் நிக்கல. அம்புலன்ஸக் கூப்பிட்டதும் அவருதான்." சத்தியம் செய்துவிட்டுத்தான் சொன்னேன். உங்கள் லோயர் சொல்லித் தந்ததை நான் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் உங்களை மாட்டிவிட நான் அங்கே போகவில்லை. சண்டையைப் பற்றிக் கேட்டீர்கள். இராமநாதன் முதலாளிக்கு வேன் ஓட்டுகிற வேலையை விட்டுவிடுங்கள் என்று அன்றும் சொன்னேன், அதற்கு முன்னும் சொன்னேன். அது சண்டை என்றால் நம் வீட்டில் தினமும் சண்டைதான்.

தீர்ப்பை நானும் வாசித்துப் பார்த்தேன். மாநகர சபையில் வரி மேசையில் இருப்பவள், சிங்களக் கடிதம் பார்க்காத நாள் இல்லை. இதை வாசிக்க முடியவில்லை. ஒரு வாக்கியம் இந்தப் பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடிகிறது. வினைச்சொல் வந்து சேரும்போது யாரைப் பற்றிப் பேசினார்கள் என்பது மறந்துவிடுகிறது. என்னைப் பற்றி ஏதோ இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

இன்னொரு விஷயம். நேற்று முதலாளி வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு பை திராட்சையோடு. "தங்கச்சி, தீர்ப்புக் கொப்பி எடுத்தீங்களாமே. என்கிட்ட குடுங்க, லோயர்கிட்ட காட்டி விளங்கப்படுத்துறேன்" என்றார். "லோயர்கிட்டயே ஒரு கொப்பி இருக்குமே" என்றேன். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். போகும்போது வாசலில் நின்று, "அதுல என் பேரு எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன்.

கொப்பி எடுத்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது?

பிரேமிளா

*

பல்லேகலை,
4 ஏப்ரல் 2024

பிரேமிளாவுக்கு,

நான்தான் சொன்னேன். முதலாளி இங்கே வந்து என்னைப் பார்த்தார். கொப்பி கேட்டு உனக்கு எழுதியிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அதிலென்ன தப்பு? எனக்கு லோயர் பிடித்துத் தந்தவர் அவர். அவரைச் சந்தேகப்பட உனக்குக் காரணம் வேண்டியதில்லை, முதல் நாளிலிருந்தே உனக்கு அவரைப் பிடிக்காது.

என் வார்டில் ருஷ்தி என்று ஒரு தம்பி இருக்கிறான். அக்குறணைப் பொடியன், சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், அண்ணன் என்பதற்கு நானா என்று என்னைக் கூப்பிடுகிறவன். தீர்ப்பை அவனிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தான். "நானா, முழுசா விளங்கல்ல. ஆனா ரெண்டாம் சாட்சி எண்டு ஒங்கட வைஃபப் பத்தி வருது. அதே வசனத்துல ஒங்களுக்குப் பாதகம் எண்டும் வருது" என்றான். சாட்சியும் பாதகமும் ஒரே வசனத்தில். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

நீயோ சிங்களத்தில் வேலை செய்கிறவள். இந்தப் பொடியனுக்கு விளங்கியது உனக்கு விளங்கவில்லையாம். விளங்கியிருக்கும். எழுதத்தான் கை வரவில்லை.

இனி எழுத வேண்டாம்.

பெரியதம்பி

*

மஹய்யாவ,
9 மே 2024

உங்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு தீர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தேன். சிங்களத்தில் விளங்காததைத் தமிழில் விளங்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன். ருஷ்தி சொன்ன அந்த வசனம் இதுதான். ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"எதிரித்தரப்பு இரண்டாம் சாட்சியின் சாட்சியமானது எதிரியின் மனைவி என்ற ரீதியில் அவர் கொண்டுள்ள அக்கறை காரணமாக மாத்திரம் நிராகரிக்கப்படத்தக்கதன்று எனினும், வாகனத்தின் தடுப்புக் கட்டமைப்பின் குறைபாடு தொடர்பில் எதிரி முன்னறிவு கொண்டிருந்தமை அவரது சொந்தக் கூற்றின் வாயிலாகவே அவருக்குப் பாதகமான வகையில் வெளிப்படுத்தப்பட்டுள்ளவிடத்து, மேற்படி சாட்சியம் எதிரியின் கவனயீனத்தை இல்லாதொழிக்கப் போதுமானதாகக் கொள்ளப்படலாகாது."

திரும்பத் திரும்ப வாசித்தேன். எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்ட நீங்கள், இரண்டாம் சாட்சி நான் என்பது மட்டும் விளங்கியது. "தடுப்பு" என்பதைப் பார்த்து, உங்களைத் தடுப்புக் காவலில் வைத்ததைப் பற்றி ஏதோ என்று நினைத்தேன். சபையில் கூட வேலை செய்கிற ஒருவர் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். அங்கே பஸ்லினா என்று ஒரு சட்டத்தரணி, வயது முப்பதுக்குள்தான் இருக்கும். தமிழையும் வாசித்தார், சிங்கள மூலத்தையும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அக்கா, பிரேக் சரியில்லைன்னு அவருக்கு முன்னாடியே தெரியுமா?"

"எந்தப் பிரேக்?" என்றேன்.

"தடுப்புக் கட்டமைப்புன்னா பிரேக்தான் அக்கா. பிரேக் பழுதுன்னு முன்னாடியே தெரியும்னு அவரே கோர்ட்ல சொல்லியிருக்காரு. அதை வெச்சுத்தான் குற்றவாளின்னு முடிவு பண்ணியிருக்காங்க. நீங்க சொன்னதைத் தள்ளிவிட முடியாதுன்னுதான் எழுதியிருக்கு. பாதகம் வந்தது அவரோட வாயால. ஒங்க வாயால இல்ல."

நீங்கள் கூண்டில் பேசியபோது நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். சாட்சியை உள்ளே விடமாட்டார்கள். அதனால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. லோயருக்குத் தெரியும். முதலாளிக்கு லோயர் சொல்லியிருப்பார். தெரிந்துகொண்டு, என்னால்தான் கெட்டது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வேன் முதலாளியுடையது. தன் பெயர் அதில் இருக்கிறதா என்று அவர் ஏன் கேட்டார் என்பதும் இப்போது எனக்கு விளங்குகிறது.

என் கேள்வி இது. பிரேக் இல்லை என்று தெரிந்தேதான் அந்த வேனில் என்னை ஏற்றினீர்களா?

பிரேமிளா

*

பல்லேகலை,
20 மே 2024

பிரேமிளாவுக்கு,

இந்த பஸ்லினா யார்? யார் அனுப்பிய ஆள்? சும்மா வந்து உதவி செய்கிறவர்களை நான் இதுவரை கண்டதில்லை. செத்தவர் பக்கத்து ஆட்கள் உன் வாயைக் கிளற அனுப்பியிருக்கலாம்.

பிரேக் பற்றிச் சொன்னேன்தான். "ஒரு கிழமைக்கு முன்னாடியே மொதலாளிகிட்ட பிரேக் சரியில்லன்னு சொன்னேன், செய்யலாம் செய்யலாம்னு இழுத்தாரு" என்று சொன்னேன். லோயர் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆனால் அது உண்மை. நான் சொல்லிவிட்டேன், முதலாளிதான் செய்யவில்லை. அப்படியென்றால் அது என்னைக் காப்பாற்ற வேண்டிய வார்த்தை. அதையே பிடித்துக்கொண்டு எனக்குத் தண்டனை கொடுத்தார்கள் என்றால் எப்படி நம்புவது? உனக்கு விளங்காத வசனத்துக்கு அந்தப் பிள்ளை தனக்கு வேண்டிய அர்த்தத்தைச் சொல்லியிருக்கிறாள்.

இன்னொருவர் வந்து வேறொரு அர்த்தம் சொல்லுவார். அந்த மாதிரி எழுத்து அது.

பெரியதம்பி

*

மஹய்யாவ,
21 செப்டெம்பர் 2024

உங்களுக்கு,

என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. ஆனால் பஸ்லினா கொண்டுவந்த தாள்களில் கையெழுத்துப் போட்டீர்கள். மேன்முறையீட்டுக்குக் காலம் போய்விட்டது, மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு போடலாம் என்று அவர் சொன்னபோது, "யாரோ என்னமோ, போடுங்க" என்றீர்களாம். அதன் முடிவு நேற்று வந்தது.

அங்கே இருந்த நீதிபதி ஒரு அம்மா. வாசிக்கத் தொடங்கும் முன் மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினார். சிங்களத்தில்தான் சொன்னார், எனக்கு விளங்கியது. இந்த வழக்கில் இரண்டு பக்கத்து ஆட்களும் தமிழர்கள், அதனால் தமிழில் வாசியுங்கள், சுருக்க வேண்டாம், நான் எழுதியிருப்பதே சுருக்கமாகத்தான் இருக்கிறது என்றார். இறந்த அம்மாவின் மகள் எனக்கு முன் வாங்கில் இருந்தார். வாசித்து முடியும் வரை அவர் திரும்பவே இல்லை.

கொப்பியை இதோடு வைத்திருக்கிறேன். வழியில் அது மட்டும் தொலைந்துபோனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக முக்கியமானதை இங்கேயும் எழுதுகிறேன்.

"இந்தத் தீர்ப்பைப் பெரியதம்பியும், இறந்த வீரம்மாவின் மகள் கமலமும் வாசிப்பார்கள். ஏன் இப்படி முடிவு செய்தேன் என்று அவர்கள் இருவருக்கும் விளங்க வேண்டும்.

பெரியதம்பி வேகமாக ஓட்டவில்லை. அவர் குடித்திருக்கவில்லை. அவர் மனைவி பிரேமிளா சொன்னதை நான் நம்புகிறேன். கணவருக்கு உதவுவதையும் உதவாததையும் அவர் ஒரே மாதிரிச் சொன்னார்.

ஆனாலும் பெரியதம்பி குற்றவாளிதான். பிரேக் பழுது என்பது ஒரு கிழமைக்கு முன்பே தனக்குத் தெரியும் என்று அவரே சொன்னார். தெரிந்தும் அந்த வேனைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். அதனால் வேன் நிற்கவில்லை. அதனால் வீரம்மா இறந்தார். முதலாளியிடம் சொல்லிவிட்டேன் என்பது போதாது. அந்த வேனை ஓட்டாமல் இருந்திருக்க வேண்டும்.

விபத்துக்குப் பிறகு அவர் ஓடிவிடவில்லை. அம்புலன்ஸை அழைத்தவர் அவர்தான். பிரேமிளாவின் சாட்சியத்திலிருந்து இது தெரிகிறது. முதல் நீதிமன்றம் தண்டனை கொடுக்கும்போது இதைக் கவனிக்கவில்லை. அதனால் இரண்டு வருடச் சிறையை ஒன்றரை வருடமாகக் குறைக்கிறேன்.

வேனின் உரிமையாளரைப் பற்றிப் பொலிசார் விசாரிக்க வேண்டும்."

இவ்வளவுதான். மொத்தம் மூன்று பக்கம்.

பிரேமிளா

*

பல்லேகலை,
30 செப்டெம்பர் 2024

பிரேமிளாவுக்கு,

நீ அனுப்பியது கிடைத்தது. இது தீர்ப்பு இல்லை.

இங்கே என்னோடு இருக்கிறவர்களிடம் எத்தனையோ தீர்ப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஒன்றாவது இப்படி இல்லை. ருஷ்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ஒரு எழுத்தும் தெரியாத ஒரு கிழவர் மூலையில் படுத்திருந்தார். வாசித்து முடித்ததும் எழுந்து, "அப்ப பிரேக் இல்லாம ஓட்டுனியா?" என்று என்னைக் கேட்டார். ஒரு தடவை கேட்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. எந்த ஊரில் தீர்ப்பு அப்படி விளங்கும்?

நீயும் அந்தப் பிள்ளையும் சேர்ந்து உங்களுக்கு வேண்டியபடி எழுதி, மேலே முத்திரை போட்டு அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால், நம்மைப் போன்ற தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு இது போதும் என்று கோர்ட்டில் இப்படி ஒன்றைத் தந்துவிட்டு, உண்மையான தீர்ப்பை வேறெங்கோ வைத்திருக்கிறார்கள். "பிரேமிளா சொன்னதை நம்புகிறேன்" என்று ஒரு நீதிபதி எழுதுவாரா? உன் பெயரைப் போட்டு?

உண்மையானதை அனுப்பு.

பெரியதம்பி

*

மஹய்யாவ,
8 ஒக்டோபர் 2024

உங்களுக்கு,

விளங்காத தீர்ப்பு வந்தபோது நான் மறைக்கிறேன் என்றீர்கள். விளங்குகிற தீர்ப்பு வந்தபோது நான் எழுதினேன் என்கிறீர்கள். உங்களுக்கு நிரூபித்துக் காட்ட எனக்கு இனித் தெம்பில்லை. சிங்கள மூலத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். அதுவும் மூன்று பக்கம்தான், அதுவும் அதே மாதிரிதான் எழுதியிருக்கிறது. அங்கே நலன்புரி அலுவலர் ஒருவர் இருப்பாரே, அவரிடம் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். அவர் எனக்குச் சொந்தக்காரர் இல்லை.

அன்றைக்குக் கோர்ட்டு வாசலில் நடந்ததை முன்பு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கமலம் என்னிடம் வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "குடிச்சிட்டு ஓட்டுனாருன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. மொதத் தீர்ப்ப நாங்களும் கேட்டோம், ஒண்ணும் வெளங்கல. குடிச்சதுக்குத்தான் உள்ள போட்டாங்கன்னு இருந்துட்டோம்" என்றார். பன்விலவிலிருந்து அவர் அம்மா அன்றைக்குத்தான் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தாராம். பஸ்ஸை விட்டு இறங்கி, மழைக்கு ஒதுங்காமல் நேரே வீட்டுக்கு நடந்தாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்: "பிரேக் இல்லன்னு தெரிஞ்சும் ஒங்களயும் ஏத்திக்கிட்டா வந்தாரு?"

அந்தக் கேள்வியை மே மாதமே உங்களிடம் கேட்டிருந்தேன்.

பொலிசார் முதலாளியின் கடைக்குப் போனார்களாம். அவர் இரண்டு தடவை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் எடுக்கவில்லை. உங்களைப் பார்க்க வந்தால் என்ன பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியாது, அது உங்கள் விருப்பம்.

நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டதை என்னால் ஒரு நாள் மறக்க முடியும். அந்த வேனின் முன் சீட்டுக் கதவைத் திறந்து, "ஏறு, மழை வரப்போவுது" என்று நீங்கள் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை. நீங்கள் வெளியே வரும்போது நான் வாசலில் நிற்பேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. வீட்டுக் கதவு திறந்திருக்கும். அதை மட்டும் சொல்லலாம்.

பிரேமிளா

*

பல்லேகலை,
19 ஒக்டோபர் 2024

பிரேமிளாவுக்கு,

நலன்புரி அலுவலரிடம் இரண்டையும் கொடுத்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்து வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார். ஒன்றுதான் என்றார். முத்திரையும் சரி என்றார். அதன் பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரவு முழுக்க அதில் பிழை தேடினேன். எந்தப் பிழையும் இல்லை.

முன்பு ஒன்றும் விளங்காமல் இருந்தபோது யாரையாவது குற்றம் சொல்ல முடிந்தது. லோயர், மழை, குடை, நீ. இந்தத் தீர்ப்பில் அப்படி ஒருவரையும் சொல்ல இடமில்லை. வீரம்மா இறந்தது வேன் நிற்காததால். வேன் நிற்காது என்று எனக்குத் தெரியும்.

முதலாளி போன கிழமை வந்தார். பிரேக் பற்றிச் சொன்னது வாய் தவறிச் சொன்னது என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

உன் கேள்விக்குப் பதில். ஆம், தெரிந்துதான் ஏற்றினேன். உன்னை மழையில் பஸ்ஸுக்கு நிறுத்த மனம் வரவில்லை, மெதுவாகப் போனால் போதும் என்று நினைத்தேன். நீ வேலையை விடச் சொல்லிக்கொண்டே வந்தாய். பிரேக்கைப் பற்றிச் சொன்னால் நீ சொல்வது சரி என்று ஆகிவிடும். அதற்காக வாயை மூடிக்கொண்டேன். அதனால் நீயும் செத்திருக்கலாம்.

கமலத்துக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். இரண்டு தடவை கிழித்துவிட்டேன். மழையைப் பற்றி எழுதாமல் எழுதப் பார்க்கிறேன்.

அடுத்த பார்வை நாளில் நீ வந்தால் நான் வெளியே வருவேன். நீ வராவிட்டால் எனக்கு உன்மேல் கோபம் இல்லை. இந்த இரண்டு வரிக்கும் வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

பெரியதம்பி